பம்பரத்தின் கணக்கை முடித்த பெருமாட்டி

நம் சங்கத்து ஆண்டு விழா மலருக்குப் பெரியோர் ஒருவரின் வரலாற்றை எழுதித் தரும் பணி சில ஆண்டுகளாக நமக்கு வாய்த்து வருகிறது. இதுகாறும் புலவர்களையும் நாட்டுத் தொண்டர்களையும் பற்றியே எழுதி வந்தோம். இம்முறை ருஷ்ய நாட்டிற் பிறந்து ஸ்வீடன் நாட்டில் மறைந்த கணித மேதை சோபியா கோவலெவ்ஸ்கயா அம்மையாரைத் தேர்ந்துகொண்டோம். அதற்கு ஒரு காரணம் உண்டு, அதனை மறைப்பதற்கில்லை.

மூன்றாண்டுகளுக்கு முன் நம் குடியிருப்பைச் சேர்ந்த நண்பர் ஒருவரின் மகள் பள்ளி இறுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்று, இயந்திரப் பொறியியல் படிக்க விழைந்தாள். வெளியூர்க் கல்லூரி, விடுதி வாசம். நண்பர் நம்மைப் போன்றோரைக் கூப்பிட்டு யோசனை கேட்டார். பெண்பிள்ளைக்கு இயந்திரப் படிப்பு எதற்கு, உள்ளூரிலேயே வேறு ஏதேனும் படிக்கட்டுமே என்று சொன்னவர்களுள் நாமும் ஒருவர். நல்லவேளையாக அவர் நம் சொல்லைக் கேட்கவில்லை. சென்ற விடுமுறையில் வந்திருந்த அப்பெண், சுழலும் பொருள்களின் இயக்கம் பற்றிய பாடத்தில் ஒரு பெயரைக் காட்டி, மாமா, இவர் யாரென்று தெரியுமா என்று கேட்டாள். தெரியவில்லை. அன்று தொடங்கித் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

சோபியா 1850 ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் மாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தையார் வாசிலி கோர்வின் குருக்கோவ்ஸ்கி பீரங்கிப் படையில் உயர்ந்த பதவி வகித்தவர். தாயார் ஷூபர்ட் என்னும் ஜெர்மானியக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருடைய பாட்டனார் பேர்பெற்ற வானநூலறிஞர். தந்தையார் 1858 ஆம் ஆண்டு பணியிலிருந்து ஓய்வு பெற்றுப் பலிபினோ என்னும் சிற்றூரில் இருந்த தம் பண்ணை வீட்டிற்குக் குடும்பத்தோடு குடியேறினார். காடும் ஏரியும் சூழ்ந்த இடம். அண்டை அயலில் மனிதர் அரிது.

அங்கேதான் அந்த விந்தை நிகழ்ந்தது. வீட்டின் அறைகளுக்கெல்லாம் சுவரில் ஒட்டும் அழகுத் தாள் வாங்கி ஒட்டினார்கள். குழந்தைகள் அறைக்கு வந்தபொழுது தாள் போதவில்லை. தலைநகரான பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து ஓர் அறைக்காக மீண்டும் வரவழைப்பானேன் என்று கருதி, பரணில் கிடந்த பழைய தாள்களை எடுத்து ஒட்டிவிட்டார்கள். அவை தந்தையார் இளமையிற் கணிதம் பயின்றபொழுது வாங்கி வைத்திருந்த, ஆஸ்ட்ரோகிராட்ஸ்கி என்னும் பேராசிரியரின் நுண்கணிதச் சொற்பொழிவுகள் அச்சிட்ட தாள்கள். சிறுமி சோபியா அச்சுவர் முன் மணிக்கணக்கில் நின்று, எந்தத் தாளுக்குப் பின் எந்தத் தாள் வரவேண்டும் என்று தேடிக்கொண்டிருப்பாராம். ஒன்றும் விளங்கியிராது. எனினும் அவ்வடையாளங்கள் கண்ணில் பதிந்துவிட்டன. பின்னாளில் பதினைந்து வயதளவில் பீட்டர்ஸ்பர்க்கில் ஸ்ட்ரன்னோலியூப்ஸ்கி என்னும் ஆசிரியர் நுண்கணிதம் கற்பித்தபொழுது, இவற்றை முன்பே அறிந்தவர்போல் இப்பெண் விரைந்து பற்றிக்கொள்வது எங்ஙனம் என்று வியந்தாராம். சுவருக்கு ஒட்டிய தாள் பாடம் நடத்தியது என்பதை அவர் எப்படி அறிவார்?

அதற்கு முன்பே வேறொரு நிகழ்ச்சி. பக்கத்துப் பண்ணையில் வாழ்ந்த திர்த்தோவ் என்னும் பேராசிரியர், தாம் எழுதிய பௌதிக நூலின் படி ஒன்றை இவர்கள் வீட்டிற்குக் கொடுத்திருந்தார். சோபியா அதனை எடுத்துப் படிக்கலானார். ஒளியைப் பற்றிய பகுதியில் சைன் என்னும் கோண அளவு வந்தது. திரிகோண கணிதம் அவருக்கு யாரும் கற்பிக்கவில்லை. வட்டத்தில் வரையும் நாண்கோட்டைக் கொண்டு அதன் பொருளைத் தாமே ஊகித்துக்கொண்டு மேலே படித்தார். பிறகு பேராசிரியரிடம் பேசும்பொழுது, தமக்கு அந்நூல் புரிந்தது என்றார். பெரியவர் முதலில் நம்பவில்லை. விளக்கச் சொல்லிக் கேட்டபின் திகைத்துப்போனார். ஏனெனில், அக்கணிதம் வரலாற்றில் எவ்வழியே முதன்முதல் பிறந்ததோ அதே வழியில் அச்சிறுமி நடந்திருந்தாள். அவர் தந்தையிடம் சென்று, இப்பெண்ணுக்கு முறையாகக் கணிதம் கற்பிக்க வேண்டுமென வற்புறுத்தினார். படித்த பெண் என்றாலே அஞ்சிய தந்தை உடனே இணங்கினார் அல்லர். காலம் தாழ்த்தியே இணங்கினார். அவரைக் குறைகூற நமக்குத் தகுதியில்லை என்பதை முன்பே ஒப்புக்கொண்டோம்.

வீட்டிலே கற்பிக்க ஆசிரியர் கிடைத்தனர். அதற்கு மேல் வழியில்லை. அந்நாளில் ருஷ்யப் பல்கலைக் கழகங்களில் பெண்களுக்கு இடம் கிடையாது. வெளிநாடு சென்று கற்கலாமெனின், மணமாகாத பெண்ணுக்குத் தந்தையின் எழுத்து மூலமான இசைவு வேண்டும். மணமானவளுக்குக் கணவன் இசைவு வேண்டும். சோபியாவின் தமக்கை அன்யூத்தா எழுத்தாற்றல் மிக்கவர். அவர் கதைகள் தாஸ்தயேவ்ஸ்கி நடத்திய இதழில் வெளிவந்தன. அப்பேரெழுத்தாளரே அவரை மணக்க விரும்பிக் கேட்டு மறுக்கப்பட்டார். அத்தகைய பெண்ணுக்கும் தந்தையின் கையெழுத்தின்றி எல்லையைத் தாண்ட முடியவில்லை.

அக்காலத்து ருஷ்ய இளைஞர்கள் இதற்கு ஒரு குறுக்கு வழி கண்டிருந்தனர். பெண்கல்வியில் பற்றுடைய ஓர் ஆடவன் ஒரு பெண்ணைச் சட்டப்படி மணந்து, வெளிநாடு அழைத்துச் சென்று, அங்கே அவளைத் தன் விருப்பப்படி கற்க விட்டுவிடுவது. பெயரளவில் மணம்; மற்றபடி இருவரும் தனித்தனி. நம் தாய்மார்களுக்கு இது கேட்கவே பொறாததாக இருக்கும். நமக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால், ஒரு வகுப்பறையில் சென்று அமர்வதற்காக ஒரு பெண் திருமணத்தையே பொய்யாகச் செய்துகொள்ள நேர்ந்ததென்றால், குற்றம் அப்பெண்ணுடையதா, வாயிலை அடைத்து வைத்தவர்களுடையதா என்று சற்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

விளாதிமிர் கோவலெவ்ஸ்கி என்னும் இளைஞர் முன்வந்தார். டார்வினின் நூல்களை ருஷ்ய மொழியில் பதிப்பித்து வந்தவர். பின்னாளில் புதைந்த எலும்புகளைக் கொண்டு குதிரை இனத்தின் முன்னோரை ஆராய்ந்து பெயர் பெற்றவர். தமக்கைக்கென்றுதான் முதலில் பேச்சு நடந்தது. அவரோ இளையவளை மணப்பதாயின் இசைவேன் என்றார். தந்தை மறுத்தார். ஒருநாள் வீட்டில் விருந்தினர் கூடியிருந்த மாலையில் சோபியா ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு நேரே விளாதிமிர் இருப்பிடத்திற்குப் போய்விட்டாராம். விருந்தினர் முன் மானம் காக்க, வேறு வழியின்றித் தந்தை மண ஒப்பந்தத்தை அறிவித்தார். திருமணம் 1868 ஆம் ஆண்டு நடந்தது. மணமகளுக்கு வயது பதினெட்டு.

மறு ஆண்டு ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகரை அடைந்தனர். அங்கும் பெண்களைச் சேர்ப்பதில்லை என்றே விடை வந்தது. சோபியா விடாது முயன்று, அந்தந்தப் பேராசிரியர் இசைந்தால் அவர் வகுப்பில் இருந்து கேட்கலாம் என்னும் அளவுக்கு அனுமதி பெற்றார். ஹெல்ம்ஹோல்ட்ஸ், கிர்க்காப் ஆகிய பௌதிகப் பேரறிஞர்களின் சொற்பொழிவுகளை அங்கே கேட்டார். கணிதம் கற்பித்த கோனிக்ஸ்பர்கர், தம் ஆசிரியராகிய பெர்லின் வயர்ஸ்ட்ராஸ் அவர்களைப் பற்றி ஓயாது பேசுவார். அதனால் 1870 ஆம் ஆண்டு சோபியா பெர்லினுக்குப் புறப்பட்டார்.

வயர்ஸ்ட்ராஸ் அப்பொழுது ஐம்பத்தைந்து வயதினர், மணம் புரியாதவர், இரு சகோதரிகளோடு வாழ்ந்து வந்தார். தம் முன் வந்து நின்ற பெண்ணிடம், மேல் வகுப்பு மாணவர்க்கென வைத்திருந்த கடினமான சில கணக்குகளைக் கொடுத்து, முடித்துக்கொண்டு வரச் சொன்னார். மீண்டும் வரமாட்டாள் என்பதே அவர் எண்ணம் என்பர். ஒரு வாரங் கழித்து அவள் வந்தாள். எல்லாம் முடிந்திருந்தன, முடித்த முறையோ தெளிவாகவும் புதிதாகவும் இருந்தது. பல்கலைக் கழகத்தில் அவளைச் சேர்க்க வயர்ஸ்ட்ராஸ் முயன்றார், ஆட்சிக்குழு மறுத்துவிட்டது. வகுப்பில் இருந்து கேட்பதற்குக்கூட அனுமதியில்லை.

அப்பெரியவர் செய்தது என்ன? வகுப்பில் தாம் கூறியவற்றை ஞாயிறுதோறும் பிற்பகலில் தம் வீட்டில் அவளுக்குத் தனியே மீண்டும் கூறினார். வாரத்தில் மற்றொரு நாள் தாமே அவள் தங்கியிருந்த இடத்திற்குச் சென்று கற்பித்தார். ஓர் ஆண்டன்று, ஈராண்டன்று, நான்கு ஆண்டுகள். ஐரோப்பா முழுவதிலுமிருந்து மாணவர் திரண்டு வந்து கேட்கும் ஓர் ஆசிரியர், ஒரே ஒரு மாணவிக்காக இப்படிச் செய்தார் என்பதை நாம் பலமுறை எண்ணி எண்ணி வியந்தோம். அவர் நடத்திய வகுப்புகளில் அமர்ந்த ஆண் மாணவர் எவர்க்கும் இந்தப் பேறு வாய்த்ததாகத் தெரியவில்லை. இடையில் 1871 ஆம் ஆண்டு, முற்றுகைக்குள் இருந்த பாரிஸ் நகரில் புரட்சியாளரோடு கலந்துவிட்ட தமக்கையைக் காண அங்கே ஓடிச்சென்று திரும்பியதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். கணிதத்தில் மூழ்கினார் என்பதற்காக உற்றாரை மறந்தவர் அல்லர் அவர்.

1874 ஆம் ஆண்டுக்குள் மூன்று ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதி முடித்தார். அவற்றுள் ஒன்றே பட்டத்திற்குப் போதுமென்பது ஆசிரியரின் கருத்து. முதலாவது, பல மாறிகள் கொண்ட வகையீட்டுச் சமன்பாடுகளுக்கு விடை உண்டு என்று எப்பொழுது உறுதியாகக் கூறலாம் என்பதைப் பற்றியது. இன்றும் பல்கலைக் கழகங்களில் கோஷி என்னும் பிரெஞ்சு அறிஞர் பெயரோடு இவர் பெயரும் சேர்த்து அத்தேற்றம் வழங்குகிறது. இரண்டாவது, ஏபெல் என்னும் அறிஞர் பெயரால் வழங்கும் ஒருவகைத் தொகையீடுகளைப் பற்றியது. மூன்றாவது, சனிக் கிரகத்தின் வளையத்தை ஒரு பாய்பொருளாகக் கொண்டால் அதன் குறுக்கு வெட்டு எவ்வடிவில் இருக்கும் என்பது. நீள்வட்டம் என முன்னோர் கொண்டிருக்க, முட்டை வடிவம் என இவர் காட்டினார். கோட்டிங்கன் பல்கலைக் கழகம், நேரில் வந்து வாய்மொழித் தேர்வு எழுதவும் வேண்டாமென விலக்களித்து, மிகச் சிறந்த தகுதியோடு டாக்டர் பட்டம் வழங்கியது. அண்மை நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் கணிதத்திற்கு டாக்டர் பட்டம் பெற்ற முதற்பெண் இவரே. வயது இருபத்து நான்கு.

பட்டத்தோடு தாய்நாடு திரும்பினார். கிடைத்த வேலை? சிறுமியர் பள்ளியில் கீழ் வகுப்புகளுக்குக் கூட்டல் பெருக்கல் சொல்லிக்கொடுக்கும் வேலை ஒன்றுதான் அவருக்கு எட்டும் நிலையில் இருந்தது. அதனை அவர் ஏற்கவில்லை. பின்வந்த ஆறாண்டுகளை விரைந்து கடந்துவிடலாம். பெயரளவில் இருந்த மணம் உண்மை மணமாயிற்று. 1878 ஆம் ஆண்டு ஒரு பெண்மகவு பிறந்தது. தாயின் பெயரையே அதற்கும் இட்டனர். கணவரும் மனைவியுமாக வீடு கட்டி விற்கும் தொழிலில் பணத்தைக் கொட்டிக் கடன்பட்டனர். வயர்ஸ்ட்ராஸ் எழுதிய மடல்களுக்கு நெடுநாள் விடையே செல்லவில்லை. நாம் இவ்வரலாற்றைப் படித்துக்கொண்டே வந்தபொழுது, இவ்விடத்தில் நமக்கு உண்மையாகவே மனம் சோர்ந்தது. நான்காண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வீணாயினவோ என்று தோன்றிற்று.

வீணாகவில்லை. 1880 ஆம் ஆண்டு பீட்டர்ஸ்பர்க்கில் கூடிய இயற்கைநூல் வல்லோர் மாநாட்டில் ஒரு சொற்பொழிவு ஆற்றுமாறு செபிஷெவ் என்னும் பெருங்கணித அறிஞர் அவரை அழைத்தார். ஆறாண்டுகளாகப் பெட்டியில் கிடந்த கட்டுரையொன்றை எடுத்து, ஒரே இரவில் ஜெர்மன் மொழியிலிருந்து ருஷ்ய மொழிக்கு மாற்றி, மறுநாள் அவையில் கூறினார். கேட்டவர்களுள் ஸ்வீடன் நாட்டு மிட்டாக் லெப்லரும் ஒருவர். அவரும் வயர்ஸ்ட்ராஸின் மாணவர். எங்ஙனமேனும் இவ்வம்மையாருக்கு ஒரு பல்கலைக் கழகப் பதவி பெற்றுத் தரவேண்டுமென அவர் அன்றே உறுதி கொண்டார் போலும். தாய்நாட்டிலோ, மேற்பட்டத் தேர்வு எழுதவும் அம்மையாருக்கு அனுமதி மறுக்கப்பட்டது.

1883 ஆம் ஆண்டு, கடன் தொல்லையும் வழக்கும் சூழ, கணவர் விளாதிமிர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்பொழுது சோபியா பாரிஸ் நகரில் இருந்தார். செய்தி கேட்டு உணவை ஒழித்துக் கிடந்தார். ஐந்தாம் நாள் நினைவிழந்தார். மருத்துவர் முயன்று நினைவு திரும்பிய பின், தாளும் எழுதுகோலும் கேட்டு வாங்கிப் படுக்கையிலேயே கணக்குப் போடத் தொடங்கினாராம். இதனைக் கல்நெஞ்சம் என்பாரும் உளர். தாங்கவொண்ணாத் துயரில் சிலர் தொழுகின்றனர், சிலர் வீட்டு வேலையில் மூழ்குகின்றனர். இவர் கணக்கைப் பற்றிக்கொண்டார் என்றே நாம் கருதுகிறோம்.

அவ்வாண்டு நவம்பரில் ஸ்டாக்ஹோம் நகரில் கால் வைத்தார். அங்கே புதிதாகத் தோன்றியிருந்த உயர்கல்லூரியில் மிட்டாக் லெப்லர் பேராசிரியர். ஆயினும் நிலையான ஊதியத்தோடு ஒரு பெண்ணை அமர்த்த நிருவாகம் துணியவில்லை; கேட்க வரும் மாணவர் தரும் கட்டணமே ஊதியம் என்னும் ஏற்பாட்டில் 1884 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சொற்பொழிவைத் தொடங்கினார். முதலில் ஜெர்மன் மொழியில். பின்னர் ஸ்வீடிஷ் மொழியைக் கற்றுக்கொண்டு அதிலேயே. சில திங்களில் ஐந்தாண்டுக் காலத்திற்குப் பேராசிரியராக அமர்த்தப்பட்டார். எதிர்ப்பும் இல்லாமலில்லை. ஸ்ட்ரிண்ட்பர்க் என்னும் புகழ்வாய்ந்த நாடக ஆசிரியர், பெண் கணிதப் பேராசிரியராவது இயற்கைக்கு அடாத செயல் என்னும் பொருள்பட எழுதினார். மகளை முதலில் ருஷ்யாவிலேயே உற்றவரிடம் விட்டு வந்ததற்காக ஊர்ப் பெண்டிர் ஒருபுறம் பழித்தனர். பின்னர் மகளைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார். 1885 ஆம் ஆண்டு, கணிதத்தோடு இயந்திரவியற் பாடத்தையும் நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. பொருள்களின் இயக்கம்பற்றிய கல்வியைப் பின்வரிசையில் ஒதுங்கியிருந்தும், ஆசிரியர் வீட்டுக் கூடத்தில் அமர்ந்தும் கற்றவர், அதே கல்வியை மேடையேறி ஆண் மாணவர்க்குக் கற்பித்தார்.

இனி அவர் புகழுக்கு முடிவைத்த ஆராய்ச்சியைச் சற்று விளக்கியாக வேண்டும். பத்தாம் வகுப்போடு நின்றவர் நாம். சமன்பாடு எழுதிக் காட்டும் வல்லமை நமக்கில்லை. நண்பரின் மகள், ஊரிலிருந்து வந்திருந்த மரப் பம்பரமொன்றை மேசைமேல் வைத்துக்கொண்டு விளக்கியதில் நமக்குப் பிடிபட்டதையே கூறுகிறோம்.

இருப்புப் பாதையில் ஓடும் வண்டி எங்கே இருக்கிறது என்பதை ஓர் எண்ணாற் கூறிவிடலாம். இத்தனையாவது கிலோமீட்டர் என்றால் தீர்ந்தது. பாதை அதனை வேறெங்கும் போகவிடாது. ஆனால், ஒரே புள்ளியில் மட்டும் நிலைநிறுத்தப்பட்டு, மற்றபடி எப்பக்கமும் திரும்பக்கூடிய ஒரு திண்பொருளின் நிலையைக் கூற மூன்று கோணங்கள் வேண்டும்: எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எத்திசையில் சாய்ந்திருக்கிறது, தன் அச்சில் எவ்வளவு சுழன்றிருக்கிறது. மூன்றும் ஒவ்வொரு நொடியும் மாறுவன. ஒன்றன் மாற்றம் மற்றவற்றைத் தாக்கும். பூமி அதனைக் கீழே இழுக்கிறது. சுழற்சியோ சாய விடாமல் பக்கவாட்டில் திருப்புகிறது. இந்த நொடியில் இப்படி இருக்கும் பொருள், பிறகு எந்த நொடியில் எப்படி இருக்கும் எனத் திட்டமாகக் கூறும் சூத்திரம் உண்டா என்பதே வினா.

கணக்கெழுதும் தொழிலில் இருப்போர்க்கு ஓர் உவமை. வரவும் செலவும் நாள்தோறும் மாறினும், ஒத்துவரவேண்டிய சில தொகைகள் உண்டு. அவை கையில் இருந்தால்தான் கணக்கை முடிக்கலாம். சுழலும் பொருளிலும், உராய்வை நீக்கிவிட்டுப் பார்த்தால், மாறாத அளவுகள் சில உண்டு. மொத்த ஆற்றல் மாறாது. செங்குத்துக் கோட்டைப் பற்றிய சுழற்சி உந்தம் மாறாது. மூன்றாவது ஒன்று வடிவ கணிதத்தால் தானே வருவது. இம்மூன்றும் எப்பொருளுக்கும் பொது. கணக்கை முடிக்க நான்காவதாக ஒன்று வேண்டும். அதுதான் எளிதில் அகப்படுவதில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஆய்லர் என்னும் பேரறிஞர், பொருளை அதன் ஈர்ப்பு மையத்திலேயே நிலைநிறுத்தினால் நான்காவது அளவு கிடைக்கிறது எனக் கண்டார். அப்போது பூமியின் இழுப்பு அதனைத் திருப்புவதில்லை. 1788 ஆம் ஆண்டு வெளிவந்த தம் இயந்திரவியல் நூலில் லக்ராஞ்ச் என்பார், எல்லாப் பக்கமும் ஒரே சீராகக் கடைந்து, ஈர்ப்பு மையமும் அச்சின்மேலேயே அமைந்த பொருளுக்கு விடை கண்டார். நம் ஊர்ச் சிறுவர் சாட்டை சுற்றி விடும் பம்பரம் இவ்வகை. அதன்பின் ஒரு நூற்றாண்டுக் காலம் மூன்றாவது வகை ஒன்றும் கிட்டவில்லை.

சோபியா அம்மையார் வினாவையே திருப்பிப் போட்டார். இப்பொருளுக்கு விடை உண்டா, அப்பொருளுக்கு உண்டா எனத் தேடாமல், விடை ஒழுங்காக அமையவேண்டுமானால் பொருள் எப்படி இருக்கவேண்டும் என்று கேட்டார். அதற்காகக் காலம் என்பதையே கற்பனை எண் கலந்த ஓர் அளவாகக் கொண்டு, விடை எங்கெங்கே முறிகிறது, எப்படி முறிகிறது என்று ஆராய்ந்தார். கற்பனைக் காலமாவது யாது என்று நாம் கேட்டதற்கு, அதை நம்பித்தான் மாமா கணக்கு நடக்கிறது என்று மட்டும் விடை வந்தது. அவ்வாறு ஆராய்ந்ததில் ஆய்லர் கண்டதும் லக்ராஞ்ச் கண்டதும் தாமே வெளிப்பட்டன. அவற்றோடு எவரும் காணாத மூன்றாவது ஒன்றும் வந்து நின்றது. மூன்று அச்சுகளைப் பற்றிச் சுழற்றும்பொழுது அப்பொருள் காட்டும் தடைகளில் இரண்டு சமமாகவும், மூன்றாவது அவற்றில் சரிபாதியாகவும் இருக்கவேண்டும். ஈர்ப்பு மையமோ சமமான அவ்விரண்டு அச்சுகளின் தளத்தில் பக்கவாட்டில் விலகி நிற்கவேண்டும். இத்தகைய கோணற் பம்பரத்தை எந்தத் தச்சரும் மனமொப்பிக் கடையமாட்டார். ஆயினும் அதற்கு நான்காவது அளவு உண்டு. அதைக் கண்டதோடு நில்லாமல் இயக்கத்தை முழுதும் சூத்திரமாக எழுதியும் முடித்தார். எழுதத் துணைநின்ற கணிதம் எது தெரியுமா? ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் வயர்ஸ்ட்ராஸ் கற்பித்த அதே ஏபெல் வகைச் சார்புகளின் கணிதம்.

1888 ஆம் ஆண்டு பாரிஸ் அறிவியற் கழகம், ஒரு புள்ளியில் நிலைத்த திண்பொருளின் சுழற்சி பற்றிய ஆராய்ச்சிக்குப் போர்டான் பரிசை அறிவித்திருந்தது. எழுதியவர் பெயர் கட்டுரையில் இருத்தலாகாது. ஒரு முதுமொழியை மட்டும் தலைப்பில் எழுதி, பெயரைத் தனி உறையில் இட்டு முத்திரை வைக்கவேண்டும். பதினைந்து கட்டுரைகள் வந்தன. நடுவர் ஒன்றைத் தேர்ந்தனர். அதன் சிறப்பைக் கருதி மூவாயிரம் பிராங்குப் பரிசை ஐயாயிரமாக உயர்த்தினர். உறையைப் பிரித்தபொழுது உள்ளே இருந்தது ஒரு பெண்ணின் பெயர். சேர்க்கவா வேண்டாவா என்று பல்கலைக் கழகங்கள் பெயரைப் பார்த்து முடிவு செய்த காலத்தில், பெயரை மறைத்து வைத்த ஓரிடத்தில் அவர்க்கு நீதி கிடைத்தது. தமக்கை அன்யூத்தா அதைக் காண இல்லை. முந்திய ஆண்டே மறைந்துவிட்டார்.

1889 ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமில் வாழ்நாள் முழுமைக்கும் பேராசிரியராக உறுதி செய்யப்பட்டார். அவ்வாண்டே ருஷ்ய அறிவியற் கழகம், செபிஷெவ் முதலானோர் முயற்சியால் விதியைத் திருத்தி, அவரைத் தொடர்பு உறுப்பினராக ஏற்றது. பெண் ஒருவர்க்கு அவ்விடம் கிடைத்தது அதுவே முதன்முறை. மகிழ்ச்சியோடு தாய்நாடு சென்றார். கழகத்தின் கூட்டத்தில் உட்கார விரும்பினார். அது வழக்கமில்லை என்று கூறிவிட்டார்கள். உறுப்பினர் என்று ஏட்டில் எழுத இடம் இருந்தது. உட்கார நாற்காலி இல்லை. வேலையும் கொடுக்கவில்லை. இதற்கிடையே கதைகளும், தம் இளமைக் காலத்தைப் பற்றிய நூல் ஒன்றும் எழுதினார். சுவரில் ஒட்டிய தாள் பற்றி நாம் அறிவது அந்நூலால்தான்.

1891 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், தென் ஐரோப்பாவில் விடுமுறையைக் கழித்துவிட்டு ஸ்டாக்ஹோமுக்குத் திரும்பினார். வழியில் கோபன்ஹேகன் நகரில் அம்மைநோய் பரவியிருக்கிறது என்று கேள்விப்பட்டு, அதைத் தவிர்க்க டென்மார்க் நாட்டின் வேறு பாதையில், வண்டி மாறி வண்டி மாறிப் பயணம் செய்தார். குளிர்காலத்து இரவு, மழை. கையில் டென்மார்க் நாட்டுச் சில்லறைக் காசு இல்லாமையால் சுமையாள் அமர்த்த முடியவில்லை. பெட்டிகளைத் தாமே சுமந்து நனைந்துகொண்டே நடைமேடையில் நடந்தார். நள்ளிரவு வண்டிகளில் வந்து இறங்கும் பயணியரை நித்தமும் காணும் நமக்கு, அந்த வரியைப் படித்தபின் நெடுநேரம் வேறொன்றும் ஓடவில்லை. ஸ்டாக்ஹோம் வந்து சேர்ந்தும் ஓய்வு கொள்ளவில்லை. பிப்ரவரி 6 ஆம் நாள் வகுப்பு நடத்தினார். காய்ச்சல் கண்டது, நுரையீரலைப் பற்றிக்கொண்டது. 10 ஆம் நாள் உயிர் நீத்தார். வயது நாற்பத்தொன்று.

அவர் திறந்துவைத்த வழியிலே பின்வந்தவர் பலர் நான்காவது பம்பரம் ஒன்று உண்டா எனத் தேடினர். சில தனிப்பட்ட நிலைகளில் மட்டும் செல்லும் விடைகள் கிடைத்தன. எப்படிச் சுழற்றிவிட்டாலும் செல்லும் விடை வேண்டுமெனின், ஆய்லர், லக்ராஞ்ச், கோவலெவ்ஸ்கயா ஆகிய மூவர் கண்டவை தவிர இயற்கணித வகையில் வேறில்லை என்று 1906 ஆம் ஆண்டு ஹுஸ்ஸன் என்னும் பிரெஞ்சு அறிஞர் நிறுவினார்.

தாயை இழந்தபொழுது மகள் சோபியாவுக்கு வயது பன்னிரண்டு. தாயோடு ஜெர்மனியில் உடன் பயின்று, 1874 ஆம் ஆண்டிலேயே ரசாயனத்தில் டாக்டர் பட்டம் பெற்ற யூலியா லெர்மாந்தவா என்னும் தோழி அப்பெண்ணுக்குத் துணையாக இருந்தார். மகள் மருத்துவம் கற்று மருத்துவராக விளங்கி, 1952 ஆம் ஆண்டு மறைந்தார். அதற்கு முந்திய ஆண்டுதான் சோவியத் அரசு அவருடைய அன்னையின் உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டிருந்தது.